பழைய பிரிட்டிஷ் வேட்டை ரைஃபிள் சேகரிக்க ஆசையா? முதலில் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பழைய பிரிட்டிஷ் வேட்டை ரைஃபிள்கள் மேல் ஆசை வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது பெயரைத்தான். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், ரிக்பி, பர்டி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று ஏதாவது ஒன்று குழலின் மேல் பொறித்திருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை லண்டனிலும் பர்மிங்காமிலும் எடின்பரோவிலும் செய்த ரைஃபிள்களில் எந்த வெடிமருந்துக்குச் சோதித்தார்கள், எவ்வளவு எடைக் குண்டுக்குச் செய்தார்கள், கடை எந்த முகவரியில் இருந்தபோது விற்றார்கள், பிற்பாடு யார் கைவைத்துக் கெடுத்தார்கள் என்பது வரைக்கும் உடம்பிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் கேள்விப்படாத ஒரு கடையின் ரைஃபிளை வாங்கிக்கூட லாபம் பார்ப்பார். தெரியாதவர் பர்டி வாங்கியும் ஏமாறுவார். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும் பகுதி வாங்குவதைப் பற்றியதல்ல, பார்ப்பதைப் பற்றியது.

முதலில் சட்டம், அதை முடித்துவிடுவோம்

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் உங்கள் சேகரிப்பின் வடிவமே அமையும். பிரிட்டனில் 1968ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பழம்பொருளாக, அலங்காரத்துக்காக மட்டும் வைத்திருக்கும் பழைய துப்பாக்கிகளுக்கு விலக்கு தருகிறது. எது பழம்பொருள் என்பதை 2021இல் வந்த விதிகள் தெளிவாக்கின: 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும், தோட்டா போடும் துப்பாக்கி என்றால் அதன் தோட்டா வழக்கொழிந்த அளவுகளின் பட்டியலில் இருக்க வேண்டும். அதே துப்பாக்கியைச் சுட வேண்டும் என்று நினைத்த நிமிடமே லைசென்ஸ் தேவை. அமெரிக்காவில் 1898ஆம் ஆண்டு முடிவதற்குள் செய்தவை கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருள். மாநிலச் சட்டம் தனி.

இந்தியாவில் கதை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், அதற்கு 2019இல் வந்த திருத்தம், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சாதாரண லைசென்ஸ்தாரர் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. .303 போன்ற ராணுவ அளவுகள் தனியாருக்குத் தடை. நூறு வருடம் தாண்டிய பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வந்துவிடுவதால் "தாத்தா வீட்டில் கிடந்தது, லண்டன் ஏலத்துக்கு அனுப்பிவிடலாமா" என்ற கேள்விக்கே இடமில்லை. ஆகவே இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் பார்த்து ரசிக்கும் பொழுதுபோக்கு. அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, பலரும் மறந்துவிடுவது: சில ரைஃபிள்களின் முன்குறியில் (குறிபார்க்கக் குழல் முனையில் இருக்கும் மேடு) இருக்கும் வெள்ளை மணி யானைத் தந்தம். பிரிட்டனின் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பிறகு அத்தகைய பொருளை விற்கவோ வாங்கவோ விலக்குப் பதிவு வேண்டும். ரைஃபிளைப் பார்க்கும்போதே அந்த மணி எதனால் செய்தது என்று கேட்டுவிடுங்கள்.

மருந்து மாறியதுதான் மொத்தக் கதையும்

இந்த ரைஃபிள்களைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், அது வெடிமருந்து. கருமருந்து (சுட்டால் புகை கக்கும் பழைய வெடிமருந்து) இருந்த காலத்தில் பெரிய மிருகத்தைச் சாய்க்க ஒரே வழி பெரிய குண்டு. அந்தக் காலத்து அளவு 'போர்' கணக்கு: ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை வருமோ அதுதான் எண். 4 போர் என்றால் ஒரு உருண்டை கால் பவுண்டு, கிட்டத்தட்ட 113 கிராம். ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் இலங்கைக் காடுகளில் யானை வேட்டைக்கு வைத்திருந்த ரைஃபிள் இந்த ரகம்தான். 1840இல் பிரிஸ்டல் நகரத்தின் கிப்ஸ் அவருக்காகச் செய்தது, எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரைக் கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு நுவரெலியா மலைகளில் நடந்திருக்கிறார்.

அடுத்து வந்தது எக்ஸ்பிரஸ் காலம். குண்டைக் குறைத்து, மருந்தைக் கூட்டி, வேகத்தை ஏற்றுவது. 1856இல் பர்டி தன் வேகமான ரைஃபிளுக்கு 'எக்ஸ்பிரஸ் ரயில்' என்று பெயர் வைக்க, அதில் எக்ஸ்பிரஸ் மட்டும் ஒட்டிக்கொண்டது. தோட்டா வந்த பிறகு .450, .500, .577 (குழல் துளையின் அங்குலக் கணக்கு) என்ற கருமருந்து எக்ஸ்பிரஸ்கள் இந்தியக் காடுகளில் புலிக்கும் காட்டெருமைக்கும் பழகிப்போன ரைஃபிள்கள் ஆயின. பெரும்பாலும் இரட்டைக்குழல், வெளியே தெரியும் குதிரைகள் (அடிக்கும் சுத்திகள்), அடியில் வளைந்த லீவர். அந்த லீவர் ஹென்றி ஜோன்ஸ் 1859இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு; மெதுவானது, ஆனால் அசையாது. இன்று இவற்றுக்குப் பின்னால் வந்த நைட்ரோ (புகையில்லா மருந்து) ரைஃபிள் அளவுக்குக் கிராக்கி இல்லை. வேலைப்பாடு மட்டும் அதே தரம். புதிதாக வருகிறவர் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் புகையில்லா மருந்து. கார்டைட் 1889இல் வந்தது. 1898இல் ரிக்பி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்ததும் கனமான பழைய 'போர்' கணக்குத் துப்பாக்கிகளின் காலம் முடிந்தது. ஏழு எட்டுக் கிலோ துப்பாக்கி செய்த வேலையை ஐந்து கிலோ துப்பாக்கி இன்னும் நன்றாகச் செய்தது. இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள்: நைட்ரோவின் உறை பழைய மூன்றேகால் அங்குலக் கருமருந்து .450இன் உறையிலிருந்து வந்தது. கருமருந்துக்குச் செய்த குழலுக்குள் நைட்ரோ தோட்டா நுழைந்துவிடும். அழுத்தமோ மிக அதிகம். நுழைகிறது என்பதால் சுடலாம் என்று யாராவது சொன்னால் அவர் பக்கத்தில் நிற்காதீர்கள்.

இந்தியாவுக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள மிகப் பெரிய தொடர்பு இதற்கு அடுத்துதான் வருகிறது. ராணுவத்தின் மார்ட்டினி ஹென்றி ரைஃபிளும் .450 குண்டு சுடுவதுதான். கலகக்காரர்கள் கையில் அந்தக் குண்டு கிடைத்துவிடும் என்ற பயத்தில் 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவைத் தனியாருக்குத் தடை செய்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த சரக்கு ஒரே உத்தரவில் நின்றது. உடனே ஒவ்வொரு கம்பெனியும் தடையைத் தாண்ட ஒரு புது அளவைக் கொண்டுவந்தது: ஜோசஃப் லாங் .470, ஹாலண்ட் .465, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476, இன்னும் .475இல் இரண்டு மூன்று. இவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்யும். ஒரே மாதிரி இத்தனை தோட்டா எதற்கு என்று புதியவர்கள் குழம்புவார்கள்; காரணம் அரசியல், வேட்டைக்காடு அல்ல. .303ம் நம் ஊரில் தனியாருக்குக் கிடையாது என்றான பிறகு இஷாப்பூர் தொழிற்சாலை .315 என்ற அளவில் ரைஃபிள் செய்தது இதே கதையின் பின்பகுதி.

மூன்று குடும்பங்கள்

இரட்டைக்குழல் ரைஃபிள்தான் ராஜா. அதன் விலைக்குக் காரணம் பொறிப்பு வேலையும் வால்நட் கட்டையும் மட்டும் இல்லை. இரண்டு குழலையும் சும்மா இணையாக வைத்து ஒட்டினால் இரண்டு குண்டும் இரண்டு திசையில் போகும். அதனால் முனையில் சற்றே நெருங்கும்படி வைத்து, சுட்டுப் பார்த்து, ஈயப் பற்றை இளக்கி, நடுவில் இருக்கும் ஆப்பைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி சுட்டு, இரண்டு குண்டும் ஒரே இடத்தில் விழும் வரைக்கும் ஒருவர் உட்கார்ந்து செய்வார். இதை ரெகுலேஷன் என்பார்கள். ஒரு குறிப்பிட்ட மருந்து எடைக்கும் குண்டு எடைக்கும் மட்டும்தான் இந்தக் கணக்கு சரியாக வரும், தோட்டாவை மாற்றினால் குண்டுகள் பிரிந்துவிடும். இந்த வேலையை இன்றும் கையால்தான் செய்கிறார்கள்.

உள்ளே இருக்கும் சுடும் இயந்திரத்தில் (பூட்டு என்பார்கள்) இரண்டு வகை. பாக்ஸ்லாக், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸில் வேலை பார்த்த ஆன்சன், டீலி என்ற இருவர் 1875இல் கொடுத்தது. பாகங்கள் குறைவு, உறுதி அதிகம். சைட்லாக், பக்கவாட்டுத் தகட்டில் பூட்டு இருப்பது. அழகு, கழற்றிப் பார்க்க வசதி, விலையும் கூடுதல். 1897இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பூட்டை விரலால் கழற்றி எடுக்கும் டிராப்லாக் செய்தது. அடித்தட்டைத் திறந்து அந்தப் பூட்டை ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்தவர்கள் சைட்லாக் பக்கம் திரும்புவது கஷ்டம் என்பது என் அபிப்பிராயம். ஹாலண்டின் சைட்லாக் மாடலான ராயலின் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

இரண்டாவது குடும்பம் ஒற்றை வெடி ரைஃபிள்கள். இதில் ஃபார்கர்சனைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜான் ஃபார்கர்சன் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர்க்காரர், வேட்டைக்காட்டுக் காவலர், திருட்டு வேட்டையும் ஆடியவர் என்று பேர். 1872இல் அவர் காப்புரிமை வாங்கிய அமைப்பில் லீவரைத் தள்ளினால் ஒரு கனமான எஃகுக் கட்டி செங்குத்தாகக் கீழே இறங்கும், தோட்டாவை வைத்து மூடினால் மேலே ஏறிப் பூட்டிக்கொள்ளும். கிப்ஸ் செய்தவை மிகக் குறைவு. அமெரிக்காவின் ரூகர் கம்பெனி 1967இல் கொண்டுவந்த நம்பர் 1 ரைஃபிளுக்கு முன்மாதிரி இதுதான். எடின்பரோவின் அலெக்சாண்டர் ஹென்றியும் டேனியல் ஃப்ரேசரும் இதே வகையில் மெல்லிய, சுத்தமான ரைஃபிள்கள் செய்தார்கள். ஸ்காட்லாந்து வேலையில் லண்டனின் பகட்டு இருக்காது, கோடு மட்டும் இருக்கும்.

மூன்றாவது போல்ட் ஆக்ஷன், கைப்பிடியுள்ள எஃகுத் தண்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளித் தோட்டா ஏற்றுவது. ஜெர்மனியின் மவுசர் அமைப்பை வாங்கி, அதன் மேல் ஆங்கிலேயக் குழலும் கட்டையும் போட்டு, விலை குறைவாக விற்றார்கள். ரிக்பியின் .275 (அது ஜெர்மனியின் 7 மி.மீ. மவுசர் தோட்டாதான், சட்டை மட்டும் ஆங்கிலம்), 1911இல் வந்த .416 ரிக்பி, 1912இல் வந்த .375 ஹாலண்ட் மேக்னம், ஜெஃப்ரியின் .404, கிப்ஸின் .505 எல்லாம் இந்தக் குடும்பம். .375ம் .416ம் இன்னும் உலகம் முழுக்கச் செய்கிறார்கள்.

எண்களை நம்பி அளவைக் கணக்கிடாதீர்கள். .404இன் குண்டு விட்டம் .423 அங்குலம், .275இன் குண்டு .284. .450/400 என்று சாய்கோடு போட்டிருந்தால் .450 உறையின் கழுத்தை .400க்கு ஒடுக்கியது என்று அர்த்தம். ஹாலண்ட் மட்டும் சில இடங்களில் .500/465 என்றும், சில இடங்களில் வெறும் .465 என்றும் எழுதும்.

முத்திரைகளைப் படிப்பது

குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். அங்கேதான் இந்தத் துப்பாக்கியின் ஜாதகம் இருக்கிறது. பிரிட்டனில் விற்கும் ஒவ்வொரு துப்பாக்கியும் சோதனைச் சாலைக்குப் போய், அளவுக்கு மீறிய மருந்து போட்டுச் சுட்டு, தாங்கியது என்ற முத்திரை வாங்க வேண்டும். லண்டன் சோதனைச் சாலை 1637இல் பட்டயம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துடையது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் சட்டம் போட்டு அமைத்தது.

கிரீடத்துக்குக் கீழே ஜி.பி. என்ற எழுத்துகள் பின்னிக்கிடந்தால் லண்டன். கிரீடத்துக்குக் கீழே பி.பி., பி.வி. என்றிருந்தால் பர்மிங்காம். நைட்ரோவுக்குச் சோதித்ததா என்பதுதான் முக்கியமான கேள்வி. 1904 விதிகளுக்குப் பிறகு லண்டனில் சோதித்தவற்றில் வளைந்த வாள் பிடித்த கவசக் கையும் கீழே என்.பி. என்ற எழுத்தும் இருக்கும். பர்மிங்காமில் கிரீடத்தின் கீழ் என்.பி. அதற்கு முன் சில வருடங்கள் 'நைட்ரோ ப்ரூஃப்' என்று எழுத்திலேயே அடித்தார்கள். இவை எதுவும் இல்லையென்றால் அது கருமருந்து ரைஃபிள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், விற்பவர் என்ன சொன்னாலும் சரி.

அதற்குப் பக்கத்தில் கார்டைட் 70, 480 என்று இரண்டு எண்கள் இருந்தால் 70 கிரெய்ன் கார்டைட், 480 கிரெய்ன் குண்டு, அது .450 நைட்ரோவின் அளவு. .470 என்றால் 75, 500. ஒரு கிரெய்ன் என்பது 65 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. மேலே பொறித்த அளவும் கீழே அடித்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் யாரோ குழலை மாற்றியோ கடைந்தோ இருக்கிறார்கள்.

குழலின் மேல்தட்டில் கடையின் முகவரி இருக்கும், அது காலம் சொல்லும். பர்டி 314½ ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் என்றிருந்தால் 1880களின் தொடக்கத்துக்கு முந்தியது, ஏனென்றால் அதற்குப் பிறகு அவர்கள் சவுத் ஆட்லி ஸ்ட்ரீட்டுக்குப் போய்விட்டார்கள். ரிக்பியில் 72 செயிண்ட் ஜேம்ஸ் ஸ்ட்ரீட் முந்தியது, 43 சாக்வில் ஸ்ட்ரீட் பிந்தியது.

பெயர் போட்டவர் எல்லாம் செய்தவர் இல்லை

இதைத் தெரிந்துகொண்டால் பணம் மிச்சம். பிரிட்டனின் துப்பாக்கித் தொழிலில் குழல் ஒருவர், பூட்டு ஒருவர், கட்டை ஒருவர், பொறிப்பு ஒருவர் என்று பர்மிங்காமின் சந்துகளில் பிரித்துச் செய்வார்கள். நிறையக் கடைகள் அங்கே செய்ததை வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்றவைதான். ஆர்மி அண்ட் நேவி என்ற கூட்டுறவுக் கடை இந்தியாவுக்குப் போகும் அதிகாரிகளுக்குத் தொப்பி முதல் கொசுவலை வரை விற்றது, ரைஃபிளும் விற்றது. பலவற்றைச் செய்தது பர்மிங்காமின் வெப்லி கம்பெனி. அதே வெப்லி வேலை வேறொரு லண்டன் பெயரோடு வந்தால் விலை ஒரேயடியாக ஏறும்.

இதே கணக்கில் கல்கத்தாவின் மேன்டன், ரோடா போன்ற பெயர்களையும் பார்க்கலாம். சென்னைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சந்தோஷம்: மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றது. மெட்ராஸ் என்று பொறித்த இரட்டைக்குழல் ஒன்று எப்போதாவது ஏலக் கேட்டலாகில் தலைகாட்டும். லண்டனில் அதற்குப் போட்டி அதிகம் இருக்காது.

கையில் எடுத்துப் பார்ப்பது

ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்க்க நாள் விடுவார்கள். வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் போங்கள், இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது, கட்டணமும் இல்லை. ஆனால் முறை உண்டு: கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததும் திறந்து காலி என்று பாருங்கள், வெறும் துப்பாக்கியின் விசையை இழுக்காதீர்கள், மூடும்போது லீவரைக் கட்டைவிரலால் பிடித்து மெதுவாக மூடுங்கள். படாரென்று மூடினால் அறையில் இருக்கும் எல்லாத் தலையும் உங்கள் பக்கம் திரும்பும்.

குழலுக்குள் முதலில் பாருங்கள். பழைய தோட்டாக்களின் அடியில் பொறி தரும் கேப்பில் இருந்த ரசாயனம் உப்பை விட்டுப்போகும், அது ஈரத்தை இழுக்கும், சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால் துரு. மழைக்கால இந்தியாவில் இருந்த ரைஃபிள்களில் இது சகஜம். லேசான அரிப்பு பரவாயில்லை. புரியின் (குழலுக்குள் ஓடும் திருகு வரி) விளிம்புகள் மழுங்கி, குழி குழியாக இருந்தால் விலையில் பாதி போச்சு. மேலே மெருகு பளபளவென்று புதிதாக இருந்து உள்ளே சொறிப்பிடித்திருந்தால் யாரோ விற்பதற்காகவே மெருகேற்றியிருக்கிறார்கள்.

இரட்டைக்குழலில் முன்கட்டையைக் கழற்றி, மூடிய நிலையில் குழலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சத்தமோ ஆட்டமோ இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் குழலுக்கும் பின்சுவருக்கும் நடுவே கீற்று தெரியக் கூடாது. கழற்றிய குழலை அதன் கொக்கியில் விரல் கொடுத்துத் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினால் கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் இடையில் இருக்கும் தட்டு பற்று விட்டிருக்கலாம். அதைத் திரும்ப ஒட்டினால் ரெகுலேஷனும் போகும்.

கட்டையில் இரும்பு முடிந்து மரம் தொடங்கும் இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், விரிசல் அங்கேதான் விழும். அந்த இடம் கறுத்துப்போயிருந்தால் பல வருடம் எண்ணெய் இறங்கி மரம் மெத்தென்று ஆகியிருக்கும். கட்டையின் பின்னால் ரப்பர் பட்டை பிற்பாடு வைத்ததா, அதற்காக மரத்தை வெட்டினார்களா? மவுசர் வகையில் மேல்பக்கத்தில் துளைகள் இருக்கிறதா? 1950களுக்குப் பிறகு டெலஸ்கோப் மாட்டுவதற்காக நல்ல நல்ல ரைஃபிள்களில் துளை போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். அந்தத் துளையை அடைத்தாலும் தெரியும்.

கடைசியாகத் திருகாணிகள். நல்ல பிரிட்டிஷ் வேலையில் திருகாணியின் தலைக்கோடுகள் எல்லாம் குழலின் திசையில் ஒரே நேராக நிற்கும். ஒன்று சாய்ந்திருந்தால், அல்லது கோட்டின் ஓரம் நசுங்கியிருந்தால், தெரியாதவர் யாரோ திறந்திருக்கிறார்கள். இந்த ஒரு அடையாளத்தை வைத்தே பல துப்பாக்கிகளைக் கீழே வைத்துவிடலாம், நேரம் மிச்சம்.

கதைக்குக் காகிதம் கேளுங்கள்

"இது ஒரு மகாராஜாவின் துப்பாக்கி" என்று சொல்லாத விற்பனையாளர் குறைவு. காகிதம் இல்லாத கதைக்கு ஒரு பவுண்டு கூடத் தராதீர்கள். ஹாலண்ட், ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், பர்டி போன்ற கம்பெனிகள் பழைய பேரேடுகளை வைத்திருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் என்ன அளவு, எத்தனை அங்குலக் குழல், எந்த வருடம், யாருக்கு விற்றது என்று எழுதித் தருவார்கள். ரைஃபிளின் அளவும் பேரேட்டின் அளவும் வேறாக இருந்தால் குழல் மாறிவிட்டது. அவ்வளவு எளிது.

கதை உண்மையாக இருந்தால் அதன் மதிப்பே தனி. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907இல் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹெவெட் கொடுத்த .275 ரிக்பி, பார்க்கப்போனால் சாதாரண மவுசர் ரைஃபிள். அதே மாதிரி நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறார்கள். ஆனால் அதன் கட்டையில் ஒரு வெள்ளித்தகடு, அதில் அந்த விவரம். பிற்பாடு அது அவர் புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்திடம் பல காலம் இருந்து, 2015இல் ரிக்பி கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு 1909 ஆப்பிரிக்கப் பயணத்துக்காக ஆங்கிலேய நண்பர்கள் சேர்ந்து கொடுத்த ஹாலண்ட் இரட்டைக்குழலும் அப்படித்தான், பணம் கொடுத்தவர்களின் பெயர்ப்பட்டியல் பெட்டியோடு இருக்கிறது.

முதல் ரைஃபிள் எதுவாக இருக்கட்டும்?

பிரிட்டனில் இருந்தால் தயங்காமல் ரூக் ரைஃபிள். ரூக் என்பது அங்கத்திய காக்கை இனம். மே மாதத்தில் கூட்டை விட்டுக் கிளையில் வந்து உட்காரும் குஞ்சுகளைச் சுட்டு, பை செய்து சாப்பிடுவது கிராமத்து வழக்கம். அதற்காகச் செய்த சின்ன ஒற்றை வெடி ரைஃபிள்கள் இவை: .295, .300, .360, .380 என்று அளவுகள். .22 தோட்டா மலிவாக வந்ததும் இந்த அளவுகள் செத்துப்போயின, அதனாலேயே இன்று பலவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் செய்தவர்கள் யார் என்று பாருங்கள்: ஹாலண்ட், ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ். யானை ரைஃபிள் செய்த அதே கைகள், அதே மரம், அதே பொறிப்பு. சில நூறு பவுண்டில் நல்லதாகவே கிடைக்கும். ஒரே எச்சரிக்கை, பலவற்றில் குழலுக்குள் .22 உள்குழாய் போட்டோ .410 ஷாட்கன்னாகக் கடைந்தோ இருப்பார்கள். அப்படி மாற்றியவை விலக்குக்குள் வராமல் போகலாம், மதிப்பும் குறைவு.

லைசென்ஸ் இருந்தால் அடுத்தது லீ ஸ்பீடு. ராணுவ லீ என்ஃபீல்டை பி.எஸ்.ஏ., எல்.எஸ்.ஏ. என்ற இரண்டு கம்பெனிகள் வேட்டைக்கென்று மெல்லியதாக்கி விற்றது. அதற்கு அடுத்து குதிரை வெளியே தெரியும் கருமருந்து இரட்டைக்குழல். நைட்ரோ இரட்டைக்குழல் ஆசை இருக்கட்டும், அதற்கு முன் இவற்றில் கை பழகட்டும்.

ஏலத்துக்கு ஹோல்ட்ஸ், கவின் கார்டினர், பொன்ஹாம்ஸ் ஆகியோரின் கேட்டலாகுகளை ஒரு வருடமாவது தொடர்ந்து படித்துவிட்டு இறங்குங்கள். எது எவ்வளவுக்குப் போனது என்று குறித்துக்கொண்டே வந்தால் விற்பவர்கள் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. சுத்தியல் விழும் விலைக்கு மேல் ஏலக்கூடத்தின் கமிஷன் நாலில் ஒரு பங்குக்கு மேல்கூட வரலாம், அதன் மேல் வரி. அதையும் சேர்த்து மனதில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, அதைத் தாண்டினால் கையை இறக்கிவிடுங்கள். வாங்க முடியாதவர்கள் லீட்ஸ் நகரத்தின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போகலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

சுட வேண்டும் என்றால் இந்த வகையில் அனுபவம் உள்ள கன்ஸ்மித்திடம் முதலில் கொடுத்துவிடுங்கள், தோட்டா அறையை அச்செடுத்து உண்மையான அளவைப் பார்ப்பார். கருமருந்து ரைஃபிளுக்குக் கருமருந்துதான்.

சுடாமல் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. தோல் பெட்டியிலும் துணி உறையிலும் நிரந்தரமாக வைக்காதீர்கள், இரண்டுமே ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பெட்டியைத் தனியாகவும் துப்பாக்கியை இரும்பு அலமாரியிலும் வையுங்கள். குழல்வாய் கீழே பார்க்க நிறுத்தினால் எண்ணெய் மரத்துக்குள் இறங்காது. இரும்புக்கு அருங்காட்சியகங்களில் பூசும் ரெனசான்ஸ் மெழுகு மெல்லியதாக ஒரு பூச்சு, மரத்துக்கு எப்போதாவது இரண்டு சொட்டு ஆளி விதை எண்ணெய் உள்ளங்கையால் தேய்த்து. மணல்தாளும் வார்னிஷும் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. திருகாணிக்குப் பொருத்தமான திருப்புளி இல்லாமல் எதையும் திறக்காதீர்கள், கடையில் விற்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவர் கோட்டை நசுக்கிவிடும். பேரேட்டுக் கடிதம், ஏல ரசீது, நீங்கள் எடுத்த முத்திரைப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, ரைஃபிளின் வரிசை எண்ணை அதன் மேல் எழுதி, துப்பாக்கி இருக்கும் அலமாரியில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.